தரகர் எங்கே போனார்?

புதுசாக எது வந்தாலும், கூடவே வருகிறவர்கள் அதைப் பற்றிச் சொல்வதை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. கல்யாணத் தரகர் மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னதை எழுதி வைத்துக்கொள்வது மாதிரி. இருபது முப்பது வருஷம் கழித்து எடுத்துப் படித்தால் நல்ல பொழுதுபோக்கு.

இன்டர்நெட் நம் நாட்டுப் பொதுமக்களுக்கு வந்தது 1995 ஆகஸ்ட் 15-ம் தேதி. வி.எஸ்.என்.எல். கொண்டுவந்தது. படமெல்லாம் தெரிகிற இணைப்பு வேண்டும் என்றால் வருஷத்துக்கு 15,000 ரூபாய். மாணவர்களுக்கு 500 ரூபாயில் ஒன்று உண்டு. அதில் வெறும் எழுத்து மட்டும்தான் தெரியும். டெலிபோன் லைனில் டயல் செய்து, அது கொர்ரென்று கத்துவதைப் பொறுமையாகக் கேட்டு, ஒரு பக்கம் திறப்பதற்குள் காபி குடித்துவிட்டு வரலாம். நடுவில் வீட்டில் யாராவது ரிசீவரை எடுத்துவிட்டால் போச்சு, மறுபடி முதலிலிருந்து.

இத்தனை அவஸ்தையையும் சகித்துக்கொண்டோம். காரணம், கூடவே வந்த வாக்குறுதிகள். அவற்றைச் சுருக்கினால் மூன்று. ஒன்று, தூரம் என்பதே இருக்காது. இரண்டு, யார் வேண்டுமானாலும் எழுதலாம், பேசலாம், உலகம் கேட்கும். மூன்று, இடைத்தரகர் ஒழிந்தார். செய்தவனும் வாங்குகிறவனும் நேருக்கு நேர் நிற்பார்கள்.

முதல் வாக்குறுதிக்கு நான் தாராளமாக மார்க் போடுவேன். துபாயில் இருக்கும் பேரனைப் பாட்டி தினமும் போனில் பார்த்து, 'இளைச்சுப் போயிட்டியேடா' என்கிறாள். இரண்டாவதைப் பற்றி இங்கே பேச்செடுத்தால் ஒரு வாரம் போதாது. எல்லோரும் பேசுகிறார்கள், உண்மை. கேட்பதற்குத்தான் ஆளில்லை.

மூன்றாவதுதான் நம்ம சப்ஜெக்ட். பி.காம். படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 'விநியோக வழிகள்' என்று ஒரு பாடம். உற்பத்தியாளர், மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி, நுகர்வோர் என்று நான்கு கட்டம் போட்டு, நடுவில் அம்புக்குறி போட வேண்டும். பரீட்சையில் கண்டிப்பாக வரும். இன்டர்நெட் வந்தபோது, அந்த நான்கில் நடுவில் இருக்கும் இரண்டு கட்டங்களை ரப்பர் வைத்து அழித்துவிடுவோம் என்றார்கள். பில் கேட்ஸ் 1995-ல் எழுதிய 'தி ரோட் அஹெட்' புத்தகத்தில் இதற்கு ஒரு பெயரே வைத்தார்: உராய்வில்லாத முதலாளித்துவம். வண்டிச் சக்கரத்துக்கு மை போட்ட மாதிரி, வியாபாரம் கிரீச்சிடாமல் ஓடும் என்று அர்த்தம்.

ஓடியதா?

இதைப் பரிசோதிக்க அமெரிக்கா போக வேண்டாம். ராஜபாளையம் பக்கம் போனால் போதும். ஊரைச் சுற்றி நூற்பாலைகள். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி. தளவாய்புரம், செட்டியார்பட்டி பக்கம் நைட்டி. தமிழ்நாட்டில் பாதிப் பெண்கள் வீட்டில் பகல் முழுக்கப் போட்டுக்கொண்டு அலைகிற உடுப்புக்கு ஏன் 'நைட்டி' என்று பெயர் என்பது தனி ஆராய்ச்சி. அதை வெட்டி, தைத்து, காஜா அடித்து, பட்டன் வைத்து, அயர்ன் பண்ணி, கட்டுக் கட்டாக வெளியூர் அனுப்பிப் பிழைக்கிற குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய.

பழைய கதை எளிமையானது. நைட்டி தைத்தவர் ஏஜெண்டிடம் கொடுப்பார். ஏஜெண்ட் மதுரைக்கோ கேரளாவுக்கோ கொண்டுபோவார். அவருக்குக் கமிஷன். பணம் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று தைத்தவர் காத்துக் கிடப்பார். தரகர் என்றால் சினிமாவில் கக்கத்தில் குடையோடு வருகிற வில்லன் என்பது நம் மனதில் பதிந்துபோனதற்கு நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்த ஆள் சும்மா உட்கார்ந்து கமிஷன் வாங்கவில்லை என்பதையும் கணக்கில் எழுத வேண்டும். கையில் காசில்லாத நேரத்தில் துணியைக் கடனுக்கு வாங்கிக் கொடுத்தார். 'இந்த வருஷம் கேரளாவில் இந்த டிசைன்தான் ஓடுது' என்று சேதி கொண்டுவந்தார். விற்காத சரக்கின் தலைவலியில் பாதியைத் தன் தலையில் வாங்கிக்கொண்டார். கடன், சேதி, நஷ்டத்தில் பங்கு. இந்த மூன்றுக்கும் சேர்த்துத்தான் கமிஷன். கட்டத்தை ரப்பரால் அழித்தவர்கள், அந்தக் கட்டத்துக்குள் நடந்துகொண்டிருந்த வேலைகளை யார் பார்ப்பார்கள் என்று யோசிக்கவில்லை.

இப்போது நைட்டி ஆன்லைனிலும் போகிறது. போட்டோ எடுத்து ஏற்ற வேண்டியது. ஆர்டர் வந்தால் பார்சல் கட்ட வேண்டியது. அங்கே ஒரு அண்ணாச்சியிடம் பேச்சுக் கொடுத்தேன்.

'ஆன்லைன்லயும் போடுறீங்களாமே அண்ணாச்சி?'

'போடுறோம் தம்பி. போன வேகத்துல திரும்பியும் வருது.'

சிரித்துக்கொண்டே சொன்னார். அடுத்துச் சொன்னதுதான் விஷயம்.

'முன்ன ஏஜெண்ட் ரூவா தரலைன்னா அவரு வீட்டு வாசல்ல போய் உக்காந்துருவேன். அவரு சம்சாரம் காப்பி குடுக்கும். ரூவாயும் எப்படியாச்சும் வந்துரும். இப்ப எந்த வாசல்ல போய் உக்கார?'

எம்.பி.ஏ. படிப்பில் இரண்டு செமஸ்டர் நடத்த வேண்டிய பாடத்தை இரண்டே நிமிஷத்தில் முடித்துவிட்டார்.

திரும்பி வருகிற சமாசாரத்துக்கு ஒரு உத்தேசக் கணக்கு போட்டுப் பார்ப்போம். எந்தக் கம்பெனியின் கணக்கும் இல்லை, புரிவதற்காக நானே போடுவது. ஒரு நைட்டி விலை 250 ரூபாய். துணி, தையல் எல்லாம் சேர்த்து அடக்கம் 190. விளம்பரத்துக்கு 15, பேக்கிங் 5. மிச்சம் 40 ரூபாய் லாபம். அதே நைட்டி 'கலர் பிடிக்கலை' என்று திரும்பி வந்தால், வண்டிச் செலவு 80, விளம்பரமும் பேக்கிங்கும் 20, ஆக 100 ரூபாய் நஷ்டம். பத்து ஆர்டரில் மூன்று திரும்பினால் என்ன ஆகும்? ஏழு விற்றதில் லாபம் 280. மூன்று திரும்பியதில் நஷ்டம் 300. பத்து நைட்டி தைத்து, படம் பிடித்து, பார்சல் கட்டி, கடைசியில் கையிலிருந்து 20 ரூபாய் கொடுக்க வேண்டியிருக்கும். பழைய ஏஜெண்ட் நஷ்டத்தில் பங்கு வாங்கிக்கொண்டார் என்று சொன்னேன் இல்லையா? அந்தப் பங்கு இப்போது தைத்தவர் தலையில் முழுசாக இறங்கியிருக்கிறது.

'அதெல்லாம் இருக்கட்டும், கமிஷன் போயே போச்சே!' என்று நீங்கள் கேட்கலாம். போனது நிஜம்தான். 2021-ல் மீஷோ, விற்பவர்களிடம் கமிஷனே கிடையாது என்று அறிவித்தது. 2025 ஏப்ரலிலிருந்து அமேசானும் 300 ரூபாய்க்குக் குறைவான ஏராளமான பொருட்களுக்குத் தன் கமிஷனை எடுத்துவிட்டது. இது நல்ல சேதி, மறுக்கவில்லை. ஒருவன் எடுத்தால் இன்னொருவனும் எடுக்க வேண்டும், அதுதான் போட்டி.

ஆனால் காமர்ஸ் படித்தவன் அடுத்த கேள்வியைக் கேட்காமல் இருக்க மாட்டான்: பிறகு அவர்கள் சாப்பிடுவது எதை? விளம்பரம். ஆயிரக்கணக்கான நைட்டிகள் இருக்கிற இடத்தில் உங்கள் நைட்டி முதல் பக்கத்தில் வர வேண்டுமானால் தனியாகப் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் நாற்பதாவது பக்கத்தில் கிடக்க வேண்டியது. நாற்பதாவது பக்கம் வரை யார் வருகிறார்கள்? கோயிலில் தர்ம தரிசனத்துக்குக் காசு கிடையாது, சரி. சிறப்புத் தரிசன வரிசை எவ்வளவு நீளமோ, தர்ம தரிசனத்துக்கு அவ்வளவு நேரம் ஆகும். கமிஷன் என்கிற பெயர்தான் போயிருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊர்ப் பெயரை வேறு ஊர்க்காரன் தன் சரக்கின் மேல் ஒட்டக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. நியாயமான சட்டம். ஆனால் இன்டர்நெட்டில் 'பால்கோவா' என்று ஒருவர் தேடும்போது யார் கடை முதலில் தெரிய வேண்டும் என்பதை அந்தச் சட்டம் முடிவு செய்வதில்லை. தேடுகிற வார்த்தைக்கு ஏலம் உண்டு. மேலே வருகிற விளம்பரம் அந்த ஏலத்தில் வந்தது. பெயர் ஊருக்குச் சொந்தம். பெயரைத் தேடி வருகிற ஆள் ஏலத்துக்கு.

சர்க்கார் இந்தக் கதையில் எங்கே வருகிறது என்றால், வரியில் வருகிறது. 2019-லிருந்து, வருஷத்துக்கு 40 லட்சம் ரூபாய்க்குள் சரக்கு விற்கும் சாதாரணக் கடைக்காரர் ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டியதில்லை. அதே ஆள் ஆன்லைனில் ஒரே ஒரு நைட்டி விற்றாலும் பதிவு கட்டாயம் என்று இருந்தது. 2023 அக்டோபரில்தான் இதைத் தளர்த்தினார்கள். அதுவும் சொந்த மாநிலத்துக்குள் விற்றால் மட்டும். செட்டியார்பட்டியிலிருந்து சென்னைக்கு அனுப்பலாம். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், செங்கோட்டையைத் தாண்டினால் வந்துவிடுகிற கேரளாவுக்கு அனுப்புவது என்றால் முதல் நைட்டிக்கே பதிவு வேண்டும். தூரம் செத்துவிட்டது என்றார்களே, அது செங்கோட்டையில் சௌக்கியமாக உட்கார்ந்திருக்கிறது. என் முதல் மார்க்கில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

நைட்டி தைக்காதவர்களுக்கும் இந்தக் கதை உண்டு. சென்னையில் இருக்கும் ராஜபாளையத்துக்காரர்களிடம் பொங்கலுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுப்பது பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஐ.ஆர்.சி.டி.சி. 2002 ஆகஸ்டில் ஆன்லைன் டிக்கெட்டை ஆரம்பித்தது. அப்போது டிக்கெட் கூரியரில் வீட்டுக்கு வரும். இனிமேல் ஸ்டேஷனில் விடிகாலை நாலு மணிக்குத் துண்டு போட்டு இடம் பிடிக்க வேண்டாம், ஏஜெண்டுக்கு அழ வேண்டாம் என்று சந்தோஷப்பட்டோம். முதலாவது நிஜமாகவே நடந்தது. இரண்டாவது? 2025 ஜூனில் ரயில்வே அமைச்சகமே வெளியிட்ட தகவல்: சந்தேகத்துக்குரிய இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட ஐ.டி.க்களை முடக்கியிருக்கிறார்கள். தட்கல் திறந்த முதல் ஐந்து நிமிஷத்தில் உள்ளே நுழையப் பார்க்கும் முயற்சிகளில் பாதி வரை மனிதர்கள் செய்வதே இல்லை, சாஃப்ட்வேர் செய்கிறது. அதற்கு அடுத்த மாதத்திலிருந்து ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயம் என்றார்கள். துண்டு போட்ட ஆளையாவது கண்ணால் பார்த்து, 'யோவ், நான்தான்யா முதல்ல வந்தேன்' என்று சண்டை போடலாம். சாஃப்ட்வேரிடம் என்னத்தைச் சொல்ல?

இவ்வளவும் படித்துவிட்டு, 'இன்டர்நெட் மோசடி' என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். வாக்குறுதி காப்பாற்றப்பட்ட இடங்களும் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தால்தான் மற்ற இடங்களில் எங்கே கோளாறு என்று புரியும்.

1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் அறிவு மையங்களை ஆரம்பித்தது. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு வேண்டியது ஒரே ஒரு தகவல்: நாளைக்கு அலை எவ்வளவு உயரம்? அமெரிக்கக் கடற்படையின் வெப்சைட்டில் அது கிடைத்தது. மையத்தில் அதை எடுத்து, தமிழில் எழுதி, ஒலிபெருக்கியில் ஊருக்கே சொன்னார்கள். படகு இறக்கலாமா கூடாதா என்று கடற்கரையில் முடிவானது. 2004 டிசம்பர் 26-ம் தேதி சுனாமி வந்த காலையில், பக்கத்து நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் போன் செய்து எச்சரித்தார். அங்கேயும் அறிவு மையத்தின் ஒலிபெருக்கிதான் ஜனங்களைக் கடற்கரையிலிருந்து கிளப்பியது.

யோசித்துப் பாருங்கள். வெப்சைட்டுக்கும் மீனவருக்கும் நடுவில் உட்கார்ந்து, இங்கிலீஷைத் தமிழாக்கி மைக்கில் சொன்னவர் யார்? அவரும் தரகர்தான். கமிஷன் வாங்காத தரகர்.

1998 பொங்கலுக்குத் தொடங்கிய 'மதுரைத் திட்டம்' இன்னொன்று. உலகம் பூராவும் சிதறிக் கிடந்த தமிழர்கள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, பழைய இலக்கியங்களைத் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, இலவசமாகப் போட்டார்கள். சங்க இலக்கியம் படிக்க இன்றைக்கு யாரிடமும் காசு கொடுக்க வேண்டாம். அந்த ஆட்களும் நூலுக்கும் வாசகனுக்கும் நடுவில் நின்றவர்கள்தான்.

மூன்றாவது, தினமும் நீங்கள் செய்வது. பெட்டிக்கடையில் பத்து ரூபாய்க்கு ஸ்கேன் செய்கிறீர்கள். யு.பி.ஐ. 2016-ல் வந்தது. 2020 ஜனவரியிலிருந்து, அதன் வழியாக வாங்கும் பணத்துக்குக் கடைக்காரரிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்று விதி செய்தார்கள். அங்கே நடுவில் பாங்க் இருக்கிறது, ஆப் இருக்கிறது, ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். ஆனால் பெட்டிக்கடைக்காரரின் பத்து ரூபாய் பத்து ரூபாயாகவே போய்ச் சேருகிறது. தரகர் ஒழிந்ததால் அப்படி நடக்கவில்லை. தரகரின் கையைச் சட்டம் பிடித்துக்கொண்டிருப்பதால் நடக்கிறது. அங்கேயும் இரண்டே ஆப்கள் முக்கால்வாசிக்கு மேல் கையில் வைத்திருப்பதும், அதற்கு உச்சவரம்பு போடும் தேதியை 2024 கடைசியில் மறுபடி இரண்டு வருஷம் தள்ளிவைத்ததும் கவனிக்க வேண்டிய விஷயங்கள்.

நடுவில் இருப்பவர் நல்லவராக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு மேலூர் சாட்சி. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில், சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய வயர்லெஸ் தொழில்நுட்பத்தை வைத்து, மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் கிராமங்களில் இன்டர்நெட் மையங்கள் திறந்தார்கள். சான்றிதழ்களுக்கு அங்கேயே விண்ணப்பிக்கலாம், தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடக்க வேண்டாம். ஜனங்கள் நன்றாகவே பயன்படுத்தினார்கள். ஆர்வம் காட்டிய அதிகாரிகளும் பயிற்சி பெற்ற ஊழியர்களும் மாற்றலாகிப் போனார்கள், அந்தச் சேவை படுத்துவிட்டது. நிறைய மையங்களும் பிறகு மூடப்பட்டன. கம்பி இல்லாமல் இணைப்பு வந்ததே ஒழிய, ஆள் மாறினாலும் நடக்கும்படி ஒரு விதி வரவில்லை. இன்றைக்குப் பட்டா, சிட்டா விவரத்தை வீட்டிலிருந்தே காசில்லாமல் பார்க்க முடிகிறது என்றால், அது ஒரு கலெக்டரின் ஆர்வத்தை நம்பியிராமல் அரசாங்க நடைமுறையாகவே ஆனதால்தான்.

ஆக, என் கட்சி இதுதான். இடைத்தரகர் ஒழிவார் என்பது ஆரம்பத்திலிருந்தே தப்பான வாக்குறுதி. கடலுக்கும் கரைக்கும் நடுவில்கூட ஒரு ஆள் தேவைப்பட்டார். நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் வேறு: அவர் யாருக்காக வேலை பார்க்கிறார்? எவ்வளவு எடுக்கிறார் என்று பலகையில் எழுதிப் போட்டிருக்கிறாரா? பிடிக்காவிட்டால் வேறு ஆளிடம் போக முடியுமா? ஏமாற்றினால் போய் உட்கார ஒரு வாசல் இருக்கிறதா?

இதெல்லாம் புதுக் கேள்விகளும் இல்லை. நம்ம ஊர்ப் பருத்திக்கு இந்தச் சண்டை எப்போதோ நடந்து முடிந்தது. விவசாயி மூட்டையோடு சந்தைக்கு வந்தால் தராசில் ஒரு தள்ளுபடி, சாம்பிள் என்று ஒரு கைப்பிடி, தர்மத்துக்கு ஒரு பிடித்தம். 1933-ல் சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் அந்த வழியில்தான் வந்தன. அந்தச் சட்டம் தரகரை ஒழிக்கப் பார்க்கவில்லை. லைசென்ஸ் வாங்கு, சரியான தராசு வை, சொன்னதற்கு மேல் பிடிக்காதே என்றது. சந்தை சுத்தமாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. ஆனால் விவசாயிக்குப் போய் நிற்க ஒரு ஆபீஸ் கிடைத்தது.

இன்டர்நெட் சந்தைக்கும் அந்தத் திசையில் சில அடிகள் வைத்திருக்கிறார்கள். பெரிய ஆன்லைன் கடைகள் சில விற்பனையாளர்களுக்கு மட்டும் சலுகை காட்டுகின்றனவா என்று விசாரிக்க, இந்தியப் போட்டி ஆணையம் 2020 ஜனவரியில் உத்தரவிட்டது. அதே வருஷம் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், எதை வைத்துப் பொருட்களை வரிசைப்படுத்துகிறோம் என்பதை வாங்குகிறவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும் என்கின்றன. அடுத்த தடவை ஆன்லைனில் நைட்டியோ பால்கோவாவோ வாங்கும்போது அந்த விளக்கம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். பூதக்கண்ணாடி கைவசம் இருந்தால் நல்லது.

கூடவே இன்னொன்றும் செய்யலாம். திருப்பி அனுப்பும் பட்டனை அழுத்துவதற்கு முன்னால், கலர் நிஜமாகவே வேறா, இல்லை மனசு மாறிவிட்டதா என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். முன்னது உங்கள் உரிமை, தாராளமாக அனுப்புங்கள். பின்னதற்கு ஆகும் செலவு செட்டியார்பட்டியில் ஒரு மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் கணக்கில் எழுதப்படலாம்.

மற்றபடி, வாக்குறுதி கொடுத்தவர்களை நான் குறை சொல்லப் போவதில்லை. கம்ப்யூட்டர்காரர்கள் பாதையைப் போட்டுக் கொடுத்தார்கள், பாதை நன்றாகத்தான் இருக்கிறது. சுங்கச்சாவடியில் யார் உட்காருவது, எவ்வளவு வசூலிப்பது, ரசீது கொடுப்பதா வேண்டாமா என்பதெல்லாம் நாமும் நம் சர்க்காரும் முடிவு செய்ய வேண்டியவை. முப்பது வருஷமாக அந்த வேலையைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிறோம். அண்ணாச்சி போய் உட்காருவதற்கு இன்னும் ஒரு வாசல் கட்டவில்லை.